ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி நான் ரேசரை எடுத்திருக்கக் கூடாது

எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்து சில வருஷம் ஆகிறது. பெரிய ஆபரேஷன் இல்லை, இரண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறாம் நாள் காயம் சீழ் பிடித்தது. முந்தின ராத்திரி நான் செய்த காரியம்தான் அதற்குக் காரணமா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நான் அதைச் சொன்னதும் டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார் பாருங்கள், அந்தப் பார்வை இன்னும் மறக்கவில்லை.

செய்தது இதுதான். அடிவயிற்றில் முடி இருக்குமே, ஆஸ்பத்திரியில் யாரோ ஒருவர் வந்து எடுத்தால் கூச்சமாக இருக்கும், நாமே சுத்தமாகப் போய் நின்றுவிடலாம் என்று பாத்ரூமில் இருந்த ரேசரை எடுத்து வழித்துவிட்டேன். புது பிளேடுகூட இல்லை. இரண்டு இடத்தில் லேசாக எரிந்தது. காலையில் பார்த்தால் சின்னச் சின்ன சிவப்புப் புள்ளிகள். யாரிடமும் சொல்லவில்லை, ஏதோ நல்ல பிள்ளை மாதிரி போய்ப் படுத்துவிட்டேன்.

ரேசர் முடியை மட்டும் எடுப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவில் தோலையும் ஆங்காங்கே சீவிவிடுகிறது. தோலின் மேல் சாதாரணமாகவே குடியிருக்கிற கிருமிகள் அந்தக் கீறல்களுக்குள் இறங்கி, ராத்திரி முழுக்கப் பெருகி, மறுநாள் கத்தி வைக்கிற இடத்தில் தயாராக உட்கார்ந்திருக்கும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2016ல் வெளியிட்ட வழிகாட்டியில் முடியை எடுக்கவே வேண்டாம், கட்டாயம் எடுக்க வேண்டுமென்றால் கிளிப்பரால் மட்டும் எடுங்கள், வழிக்கவே கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். கிளிப்பர் தோலைத் தொடாமல் முடியைக் கத்தரிக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். காலில் ஆபரேஷன் என்று தேதி குறித்தாகிவிட்டால் வழக்கமாகக் கால் முடி எடுக்கிறவர்களும் சில நாள் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும், வாக்ஸிங்கும் சேர்த்துத்தான்.

ஆபரேஷன் தியேட்டரில் ஏதோ சுத்தமில்லாமல் இருந்ததால்தான் காயம் சீழ் பிடிக்கிறது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படியும் நடக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலான சமயம் கிருமி வருவது நம் தோலிலிருந்தும், மூக்கிலிருந்தும், குடல் ஆபரேஷன் என்றால் குடலிலிருந்தும்தான். ஸ்டெபிலோகாக்கஸ் ஆரியஸ் என்று ஒரு கிருமி, சுமார் பத்தில் மூன்று பேருடைய மூக்குக்குள் எந்தத் தொந்தரவும் தராமல் குடித்தனம் நடத்துகிறது. காயத்துக்குள் போனால்தான் அதன் குணம் தெரியும். இது தெரிந்தபிறகு எனக்கு ஆஸ்பத்திரியைத் திட்டுவதில் பாதி சுவாரசியம் போய்விட்டது.

என் கதை நடந்து சில வருஷம் கழித்து அம்மாவுக்கு முட்டி மாற்று ஆபரேஷன் என்று முடிவானது. முட்டிக்குள் செயற்கை மூட்டு வைக்கிறார்கள், அதில் கிருமி ஒட்டிக்கொண்டால் மருந்து மட்டும் கொடுத்து விரட்டுவது ரொம்பக் கஷ்டம், சில சமயம் வைத்ததையே கழற்ற வேண்டி வரும். என் தையலை இரண்டு பிரித்து, கழுவி, ஒரு வாரம் மாத்திரை கொடுத்ததோடு என் பிரச்சினை முடிந்துவிட்டது. குடலிறக்கத்தைத் தாங்கிப் பிடிக்க வயிற்றுக்குள் வைத்துத் தைத்த செயற்கை வலை வரைக்கும் கிருமி போகாதது என் அதிர்ஷ்டம். அம்மா விஷயத்தில் அதிர்ஷ்டத்தை நம்ப நான் தயாராக இல்லை. ஒரு நோட்டுப் புத்தகமே போட்டேன்.

முதல் சண்டை பல்லில் ஆரம்பித்தது. ஆபரேஷனுக்கு முன்னால் பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். "பல்லுக்கும் முட்டிக்கும் என்னடா சம்பந்தம்?" என்று அம்மா வரவே மாட்டேன் என்றார். இழுத்துக்கொண்டு போனால் கடைவாய்ப் பல் ஒன்றின் வேரில் சீழ் கட்டியிருக்கிறது, அதுவும் வலியே இல்லாமல்! ஈறிலோ, சிறுநீர்ப்பாதையிலோ, கால் விரல் இடுக்கில் இருக்கிற புண்ணிலோ இருந்து கிருமி ரத்தத்தில் கலந்து புது மூட்டில் போய் உட்கார முடியும். அதனால் பல்லைச் சரிசெய்து முடிக்கும்வரை ஆபரேஷனைத் தள்ளி வைத்தார்கள். அம்மாவுக்கு அந்தக் கோபம் ரொம்ப நாள் இருந்தது. உங்களுக்கும் இப்படி ஒரு தேதி இருந்து, இரண்டு நாள் முன்னால் சளி, காய்ச்சல், தோலில் ஒரு கொப்புளம், சிறுநீர் போகும்போது எரிச்சல் என்று ஏதாவது வந்தால், தேதி தள்ளிப் போய்விடுமே என்று மறைக்காதீர்கள். தள்ளிப் போவதுதான் நல்லது.

அம்மாவுக்கு சுகர் உண்டு. காலையில் ஒரு தடவை குத்திப் பார்த்துவிட்டு "நார்மல்தான்" என்று திருப்திப்படுகிற ரகம். டாக்டர் மூன்று மாத சராசரியைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனையைக் கேட்டார், அது கொஞ்சம் எகிறியிருந்தது. சுகர் ஏறியிருக்கும்போது கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடும், காயம் ஆறுவதும் தாமதமாகும். ஆபரேஷன் சமயத்தில் 200 மில்லிகிராமுக்குக் கீழே வைத்திருக்கப் பார்ப்பார்கள். இதில் எனக்குப் புதிதாகத் தெரிந்த சங்கதி, ஆபரேஷன் அதிர்ச்சியில் சுகர் நோயே இல்லாதவர்களுக்கும் ரத்தத்தில் சர்க்கரை ஏறும் என்பது. அதனால் ஆபரேஷன் முடிந்து விரலில் குத்த வந்தால் "எனக்குத்தான் சுகரே இல்லையே" என்று வாக்குவாதம் பண்ண வேண்டாம்.

சிகரெட் பற்றி நீட்டி முழக்கப்போவதில்லை, நானும் ஒரு காலத்தில் பிடித்தவன்தான். நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்குகிறது, புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, ஆக்சிஜன் போய்ச் சேராத காயம் ஆறாது. குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். இருபது நாள்தான் இருக்கிறதா, அப்போதும் நிறுத்துங்கள்.

மூக்கு விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் மூக்கில் பஞ்சுக் குச்சியை விட்டுப் பரிசோதனைக்கு எடுத்தார்கள், முன்னால் சொன்ன ஸ்டெபிலோகாக்கஸ் கிருமி இருந்தது. ஒரு களிம்பு கொடுத்து தினமும் இரண்டு வேளை, ஐந்து நாள் மூக்குக்குள் தடவச் சொன்னார்கள். எல்லா ஆபரேஷனுக்கும் இது செய்வதில்லை, மூட்டு, இதயம் மாதிரியான ஆபரேஷன்களில்தான் அதிகம். ஆனால் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. நானே கேட்டேன், "நல்லவேளை கேட்டீங்க" என்றெல்லாம் யாரும் சொல்லவில்லை, "லிஸ்ட்ல இருக்கு சார்" என்றார்கள்.

குளியல் சாதாரண விஷயம் மாதிரித் தெரியும். முந்தின ராத்திரியும் அன்று காலையிலும் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். சாதாரண சோப்பே போதும் என்றுதான் வழிகாட்டி சொல்கிறது, சில ஆஸ்பத்திரிகளில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த திரவம் கொடுப்பார்கள். அது கொடுத்தால் அவர்கள் சொன்ன மாதிரியே பயன்படுத்துங்கள், கண்ணிலும் காதுக்குள்ளும் படக் கூடாது. குளித்ததும் துவைத்த துண்டு, துவைத்த துணி, துவைத்த படுக்கை விரிப்பு. பவுடர், கிரீம், எண்ணெய், சென்ட் எதுவும் வேண்டாம். தொப்புளையும், தோல் மடிந்து வியர்க்கிற இடங்களையும் விட்டுவிடாமல் தேய்த்துக் குளிக்கச் சொன்னார் நர்ஸ். நகம் வெட்டி, நகச்சாயத்தை எடுத்து, மோதிரம் கழற்றிவிட்டுப் போனால் சரி.

ஆன்டிபயாடிக் பற்றி ஒரு சந்தேகம் எனக்கு நெடுநாள் இருந்தது. ஆபரேஷனுக்கு அப்புறம் எத்தனை நாள் கொடுக்கிறார்களோ அத்தனைக்கும் பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன். நிஜத்தில் முக்கியமான டோஸ் கத்தி வைப்பதற்கு முன்னால் போடுகிறதுதான், பெரும்பாலும் கடைசி ஒரு மணி நேரத்துக்குள். தோல் திறக்கும்போது ரத்தத்திலும் திசுவிலும் மருந்து நிறைந்து இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. கிருமி வராமல் தடுப்பதற்காகக் கொடுக்கிற மருந்தை, ஆபரேஷன் முடிந்தபின் நாள் கணக்கில் நீட்டிப்பதால் கூடுதல் பலன் இல்லை, வயிற்றுப்போக்கும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும்தான் மிச்சம். டாக்டர் நிறுத்தினால், "இன்னும் ரெண்டு நாள் எழுதிக் கொடுங்க" என்று கெஞ்ச வேண்டாம். ஏற்கெனவே தொற்று இருந்து அதற்காகக் கொடுத்த மருந்து என்றால் கதை வேறு, அதைச் சொன்ன நாள் வரைக்கும் முழுசாகச் சாப்பிட வேண்டும்.

இதோடு ஒட்டியது அலர்ஜி. "பென்சிலின் ஒத்துக்காது" என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வருகிறவர்கள் நிறைய உண்டு, பரிசோதித்துப் பார்த்தால் அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு உண்மையில் அலர்ஜி இருப்பதில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதால் அந்த ஆபரேஷனுக்குச் சிறந்த மருந்தை விட்டுவிட்டு இரண்டாம் தரத்துக்குப் போக வேண்டி வரலாம். அதற்காக அலர்ஜியை மறைக்கச் சொல்லவில்லை. என்ன மருந்து, எப்போது, உடம்பில் என்ன ஆனது, தடிப்பா, மூச்சுத் திணறலா, வயிற்று உப்புசம் மட்டும்தானா என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். தினசரி சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் சொல்ல வேண்டும், முக்கியமாக ஸ்டீராய்டும், மூட்டுவாத மருந்துகளும். அம்மாவின் மாத்திரை அட்டைகளை மொத்தமாக ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மேஜையில் கொட்டினேன், அதுதான் சுலபம்.

ஆபரேஷன் அன்று காலை அம்மா, "குளுருதுன்னு சொன்னா ஏதாவது நெனச்சுக்குவாங்களா?" என்றார். சொல்லியே ஆக வேண்டும்! உடம்பு குளிர்ந்தால் தோலுக்குப் போகிற ரத்தம் குறையும், கிருமியை எதிர்க்கிற சக்தியும் குறையும். 1996ல் குடல் ஆபரேஷன் செய்துகொண்ட 200 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஆபரேஷன் நேரத்தில் உடல் சூட்டைக் காப்பாற்றி வைத்தவர்களில் 6 சதவீதம் பேருக்குக் காயத்தில் தொற்று, சூடு குறைய விட்டவர்களில் 19 சதவீதம். ஒரு போர்வைக்கும் காயத்துக்கும் இவ்வளவு சம்பந்தமா என்று படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. காத்திருக்கிற அறையிலேயே கூடுதல் போர்வை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி வார்டு. இங்கேதான் நாம் வாயைத் திறக்க வேண்டும், நம் ஆட்களுக்கு அதுதான் வராது. கை கழுவினீர்களா என்று டாக்டரைப் பார்த்துக் கேட்பதா! 1847லேயே வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் இதைக் கேட்டார். பிணப் பரிசோதனை அறையிலிருந்து நேராகப் பிரசவ வார்டுக்கு வந்துகொண்டிருந்த டாக்டர்களையும் மாணவர்களையும் குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவ வைத்தார். அந்த ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த தாய்மார் சாவு சில மாதங்களில் 2 சதவீதம் அளவுக்கு இறங்கியது. அவருக்குக் கிடைத்ததென்னவோ பாராட்டு இல்லை, பகை. அவருக்கே அந்தக் கதி என்றால் நமக்கு எப்படிக் கேட்க வரும் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது, அம்மா டிரெஸ்ஸிங் மாற்ற வந்த பயிற்சி டாக்டரிடம் சாதாரணமாகக் கேட்டுவிட்டார்: "தம்பி, கையில அந்த மருந்தைத் தேச்சிட்டீங்களா?" அந்தப் பையன் கையுறை போட்டிருந்தான். பக்கத்து படுக்கையைத் தொட்ட அதே கையுறை. சிரித்துக்கொண்டே கழற்றிப் போட்டுவிட்டு, கையைத் தேய்த்து, புதுசு மாட்டிக்கொண்டு வந்தான். யாருக்கும் கோபம் வரவில்லை. கையுறை கை கழுவியதற்குச் சமம் ஆகாது, அதற்கு முன்னும் பின்னும் கை சுத்தம் செய்தாக வேண்டும்.

பார்க்க வருகிறவர்களுக்கும் இதே சட்டம். வாசலில் சானிட்டைசர், கை முழுக்கப் படுகிற மாதிரி 20, 30 நொடி தேய்த்துக் காய வேண்டும். நோயாளிக்கு வயிற்றுப்போக்கு இருந்தால் சானிட்டைசர் போதாது, சோப்பும் தண்ணீரும்தான், ஏனென்றால் அங்கே பரவுகிற சில கிருமிகள் ஆல்கஹாலுக்குச் சாகாது. படுக்கையில் உட்காரக் கூடாது, காயத்தின் கட்டைத் தொடக் கூடாது, இருமலோடு வரவே கூடாது. என் காயத்தை ஒரு உறவுக்காரர் "எவ்வளவு பெரிசா கிழிச்சிருக்காங்க பாப்போம்" என்று கட்டை ஓரமாகத் தூக்கிப் பார்த்தார். நான் சும்மா படுத்திருந்தேன். அந்த மௌனத்துக்கும் என் சீழில் பங்கு இருக்கலாம்.

தொற்று காயத்தில் மட்டும் வருவதில்லை. யூரின் டியூப் எத்தனை நாள் இருக்கிறதோ அத்தனை நாளும் கிருமிக்கு வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம், அதனால் தினமும் காலையில் "இது இன்னிக்கும் வேணுமா சிஸ்டர்?" என்று கேளுங்கள். பையை இடுப்புக்குக் கீழே தொங்கவிட வேண்டும், தரையில் படக் கூடாது. நடக்கும்போது பையைக் கையில் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், சிறுநீர் திரும்ப உள்ளே ஓடும். கையில் சலைன் ஏறுகிற இடம் சிவந்தாலோ வலித்தாலோ ஈரமானாலோ உடனே கூப்பிடுங்கள். நுரையீரலுக்கு அந்தப் பந்து ஊதுகிற கருவி இருக்கிறதே, அதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். அம்மா முதல் நாள் முழுக்க ஊதிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தபின் எங்கள் வேலை முழுக்க ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். ஆபரேஷன் முடிந்ததிலிருந்து முதல் 48 மணி நேரம் கட்டைத் தொடவே வேண்டாம், அதற்குள் தையல் போட்ட காயத்தின் மேல் தோல் ஒட்டி மூடிக்கொள்ளும். ரத்தமோ நீரோ கட்டை நனைத்து வெளியே வந்தால் மட்டும் போன் பண்ண வேண்டும். அப்புறம் டாக்டர் சரி என்றால் மேலே தண்ணீர் ஓடவிட்டுக் குளிக்கலாம். தேய்க்காமல், துவைத்த துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். தொட்டியிலோ குளத்திலோ உடம்பை ஊற வைப்பது காயம் முழுக்க ஆறியபிறகுதான். பொருக்கைப் பிய்ப்பது, பவுடர் தூவுவது, யாரோ சொன்ன களிம்பைப் பூசுவது எதுவும் வேண்டாம். செல்ல நாய், பூனை படுக்கைக்கு வர வேண்டாம். புரதம் நிறையச் சாப்பிட வேண்டும், தோல் புதுசாக முளைக்க அதுதான் செங்கல்.

எனக்கு வந்த முதல் அறிகுறியைச் சொல்கிறேன். ஐந்து நாளாகக் குறைந்துகொண்டே வந்த வலி ஆறாம் நாள் திரும்ப ஏறியது. அவ்வளவுதான். காயத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பு, தொட்டால் சூடு. ஆரம்ப நாட்களில் தையல் ஓரம் லேசாகச் சிவந்திருப்பதும், ரோஸ் நிறத்தில் ரெண்டு சொட்டு நீர் கசிவதும் சாதாரணம். சிவப்பு பரவுவதும், கெட்டியாக மஞ்சளோ பச்சையோ வருவதும், நாற்றமும், தையல் விட்டுப் பிளப்பதும், 38 டிகிரி செல்சியஸ் தாண்டிக் காய்ச்சலும் குளிரும் சாதாரணம் இல்லை. நான் ஒரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். காய்ச்சலும் இல்லையே என்று தைரியம். வலிக்காக ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாராசிட்டமால் போட்டுக்கொண்டிருந்தேன், அது காய்ச்சலையும் சேர்த்து அமுக்கியிருக்கிறது! அடுத்த மாத்திரை போடுவதற்கு முன்னால் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இன்னொரு முட்டாள்தனம், அலமாரியில் பழைய ஆன்டிபயாடிக் மிச்சம் இருந்ததை இரண்டு விழுங்கினேன். சீழை எடுத்து எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனையை அது கெடுத்துவிடலாம் என்று அப்புறம்தான் தெரிந்தது.

மறுநாள் போனபோது நர்ஸ் பால்பாயின்ட் பேனாவால் சிவப்பின் ஓரத்திலேயே என் வயிற்றில் ஒரு கோடு வரைந்தார், பக்கத்தில் மணியும் எழுதினார். கோட்டைத் தாண்டிச் சிவப்பு போனால் பரவுகிறது என்று பொருள். சாயங்காலம் அரை விரல் தாண்டியிருந்தது.

அதனால் அம்மா விஷயத்தில் தினமும் காலை ஒரே ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, ஒரே தூரத்திலிருந்து போனில் ஒரு படம் எடுத்தோம். நேற்றைக்கு எப்படி இருந்தது என்பதை நினைவு சரியாகச் சொல்லாது, படம் சொல்லும். சாதாரண ஆபரேஷனுக்கு 30 நாள் வரைக்கும், உள்ளே செயற்கைப் பொருள் வைத்திருந்தால் 90 நாள் வரைக்கும் வருகிற தொற்றை ஆபரேஷனோடு சேர்த்துத்தான் கணக்கு வைக்கிறார்கள், தையல் பிரித்ததும் கதை முடிந்தது என்று நினைக்க முடியாது. அம்மாவுக்கு ஒன்றும் வரவில்லை. முதல் மாதம் நான் எடுத்தேன், அப்புறம் அவரே எடுக்கப் பழகிக்கொண்டார். இப்போது யார் வீட்டுக்கு வந்தாலும் போனை எடுத்து முதல் நாளிலிருந்து வரிசையாகத் தள்ளித் தள்ளிக் காட்டுகிறார், நடுவில் பேரன் பிறந்தநாள் படம் வந்தால் அதை வேகமாகத் தாண்டிவிட்டு அடுத்த முட்டிக்குப் போய்விடுகிறார்.